முதுகுப் பக்கத்துக் கிளிப்புகள்: வேலூரில் நான்கு நாள்

நாள் 1, வியாழன்

திருப்பூரில் காலை இன்டர்சிட்டி பிடித்து, மதியச் சோற்றுக்கு வேலூர் வந்தாயிற்று. ரயிலில் வருகிறவர்களுக்கு வேலூர் என்பது காட்பாடியில் இறங்கி, பாலாற்றுப் பாலம் தாண்டி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேர வேண்டிய ஊர். பாலத்தில் வரும்போது கீழே எட்டிப் பார்த்தேன். மணல், முள்செடி, நடுவில் நாலு மாடு. மாசி முடியவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

இந்த வெயிலில் இங்கே என்ன வேலை என்றால், ஒரு கல்லூரி அரங்கில் புகைப்படக் கண்காட்சி. அந்தக் கால ஃபேஷன் படங்கள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் எடுத்து, வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் மாதிரி பத்திரிகைகளில் வந்தவை. அசல் பிரிண்ட் இல்லை, மறு அச்சுதான். அசலைப் பார்க்க லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். எனக்குக் காட்பாடிதான் கட்டுப்படியாகும்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாம்பிள் தைத்து வந்ததும் மாடலுக்குப் போட்டுப் படம் எடுத்து, ஆர்டர் கொடுக்கிற பையருக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. படத்தில் டி-ஷர்ட் உடம்போடு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். மாடல் திரும்பி நின்றால் முதுகில் ஏழெட்டு கிளிப். ஆபீசில் பேப்பர் கட்டுக்குப் போடுவோமே, அந்தக் கறுப்புக் கிளிப்தான். என் கைப்பையில் எப்போதும் ஒரு டஜன் கிடக்கும். அதனால் எந்த ஃபேஷன் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் யோசனை, இதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பதுதான். கெட்ட பழக்கம், படத்தை ரசிக்க விடாது.

தங்கியிருப்பது கொசப்பேட்டையில், சித்தப்பா வீட்டில். சித்தப்பா 35 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். டிஜிட்டல் வந்த பிறகு கொஞ்ச நாள் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடிவிட்டார். அவருக்காக 120 என்கிற அளவு ஃபிலிம் ரோல் ஒன்று வாங்கி வந்திருந்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் இத செய்றானா?" என்று கேட்டார். உறையைப் பிரிக்கவில்லை, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது ஸ்டூடியோ கோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. சின்ன வயதில் விடுமுறைக்கு வந்தால் நான் போட்டு விளையாடிய கோட்டு அது. கறுப்பு நிறம், முன்பக்கம் கனவான் மாதிரி இருக்கும். முதுகு நடுவில் காலரிலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு ஓரத்திலும் நாடா தைத்திருக்கும். ஒல்லியான ஆளுக்கு இழுத்துக் கட்டலாம், பருத்த ஆளுக்குத் தளர்த்தி விடலாம். ஒரே கோட்டு, எல்லாருக்கும் அளவு சரி. எல்லாம் இடுப்புக்கு மேல்தான் எடுப்பார் என்பதால், கீழே லுங்கியோடு வந்து நின்ற மாப்பிள்ளைகளும் உண்டு.

"ஆம்பூர்லேருந்து ஆற்காடு வரிக்கும் எத்தினி பொண்ணு வூட்டுக்கு அந்தக் கோட்டு போயிருக்கும் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

"எங்க வூட்டுக்கும் அதான் வந்துது" என்றாள் சித்தி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் காரக்குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே. "அப்போ அது அவங்க முதலாளி கடைக் கோட்டு. கோட்டப் பாத்துத்தான் எங்கப்பா சரின்னார்."

அந்தக் கத்தரிக்காயைப் பற்றித் தனியாக எழுதலாம். காம்பில் நிஜமாகவே முள் இருக்கிறது. நறுக்கும்போது விரலில் குத்தியது. வாயில் வைத்தால் வெண்ணெய்.

நாள் 2, வெள்ளி

வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பது, கோட்டைக்குள் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "ஊருக்கே தெரியுமேம்மா, நீ கேக்கவேயில்லியே" என்றார். சரிதான்.

கோட்டை 133 ஏக்கர். 16ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்தது. ஊர் நடுவில், அகழித் தண்ணீரோடு, சுவர் கலையாமல் நிற்கிறது. வெளியே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கூட்டம், வங்காள மொழியில் போர்டு வைத்த லாட்ஜுகள், ஹாரன் சத்தம். அகழியைத் தாண்டினால் வேறு ஊர்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை என்று பட்டியல் போகும். பெண்களைப் பற்றியும் ஒரு வரி வரும். அதை நான் எழுத மாட்டேன், சித்தி படிப்பாள். இதில் கோயில் கணக்கு 1981லேயே தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த ஜலகண்டேஸ்வரரை அந்த வருஷம் கோட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். நான் பார்த்தது அவர்கள் இடுப்புத் துணியை. மடிப்பு மடிப்பாக, கலையாமல், நானூற்றுச் சொச்சம் வருஷமாக அப்படியே நிற்கிறது. கல்லில் துணி செய்தவனுக்குக் கிளிப் தேவைப்படவில்லை.

அப்புறம் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து 1806ஐ யோசித்துக்கொண்டிருந்தேன். உடுப்புக்காக ஒரு படையே திரும்பியது இந்தக் கோட்டையில்தான். சிப்பாய்ப் புரட்சி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்தது. துணி வேலைக்கு வந்த பிறகு அதை வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது. 1805 நவம்பரில் சென்னை ராணுவத் தளபதி சர் ஜான் கிராடக் கொண்டுவந்த உத்தரவு: நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையைக் கத்தரிக்க வேண்டும். காதில் கடுக்கன் கூடாது. பழைய தலைப்பாகைக்குப் பதில் புதிய தினுசு, பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி. அதன்மேல் தோலில் செய்த ஒரு குஞ்சம். அது மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்ற சந்தேகம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒன்றாகவே வந்தது. மறுத்தவர்களைத் தண்டித்தார்கள், இரண்டு பேருக்குக் கசையடி.

ஜூலை 10 அதிகாலையில் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. திப்புவின் மகன்கள் அப்போது குடும்பத்தோடு இங்கேதான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைப் பிடித்தார். சிப்பாய்கள் பக்கம் செத்தவர்கள் சுமார் 350 பேர் என்கிறார்கள். உடுப்பு மட்டும் காரணமில்லை, திப்பு குடும்பத்தின் பங்கும் உண்டு, வேறு மனக்குறைகளும் உண்டு. ஆனாலும் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் வாபஸ் வாங்கியது அந்த உடுப்பு உத்தரவைத்தான். கிராடக்கையும் கவர்னர் பென்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

எங்கள் தொழிலில் பொத்தான், லேபிள், ரிப்பன் வகையறாவை டிரிம்ஸ் என்போம். கடைசி நிமிஷத்தில் டிரிம்ஸை மாற்றி ஆர்டரே கைவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோல் குஞ்சமும் ஒரு டிரிம்ஸ்தானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு 350 என்ற எண் ஞாபகம் வந்து, அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பாவிடம் பழைய நெகட்டிவ்களைக் காட்டச் சொன்னேன். பரணிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கினார். உள்ளே இரண்டு லென்ஸ், நெகட்டிவில் டச்சிங் செய்யும் பென்சில்கள் ஒரு கட்டு, புரோமைடு பேப்பர் வந்த காலி டப்பாக்கள், யாஷிகா மேட் கேமரா. நெகட்டிவ் இல்லை.

"வெள்ளிக்காரன் கிட்ட போட்டுட்டேன்" என்றார்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்கள் உண்டு. படம் கழுவின ஹைப்போத் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கிப் போவார்கள், பழைய நெகட்டிவை எடை போட்டு வாங்குவார்கள். கடையைக் காலி செய்தபோது மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஊட்டியில் நம் அரசாங்கமே தயாரித்த ‘இந்து’ பிராண்ட் ஃபிலிமில் எடுத்தவையும் அதில் இருந்தன. கல்யாணங்கள், காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள். "முப்பத்தஞ்சு வருஷத்து வேலூரு. மூணு மூட்ட" என்றார். எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

நாள் 3, சனி

கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். சித்தி முதலில் வரவில்லை என்றாள், பிறகு ஏசி இருக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாள். இருந்தது, ஓடவில்லை. கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால் ஒவ்வொரு படத்திலும் எதிரே இருக்கும் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்துகிடந்தது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. நிழல் பகுதிகள் அச்சில் கறுத்துப்போயிருந்தன. சித்தப்பா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். இருந்தாலும் 40 படங்களுக்கு மேல், நுழைவுக் கட்டணம் இல்லாமல், ஒரே இடத்தில். மேலே குறை சொல்லக் கூடாது.

வாசலில் முதல் படம் 1911. எட்வர்ட் ஸ்டைக்கன், டிசைனர் பால் புவாரேயின் கவுன்களைப் படமெடுத்து ஒரு பிரெஞ்சுக் கலைப் பத்திரிகையில் வந்த வரிசையிலிருந்து ஒன்று. ஃபேஷன் போட்டோகிராபி அங்கேதான் ஆரம்பம் என்று பலர் எழுதுவார்கள், ஸ்டைக்கனே அப்படிச் சொல்லிக்கொண்டவர்தான். மங்கலாக, ஓவியம் மாதிரி இருந்தது. வேகமாகத் தாண்டிவிட்டோம். 1932ல் வோக் அட்டையில் முதன்முதலாக வந்த கலர் போட்டோவும் அவர் எடுத்ததே. நீச்சல் உடையில் ஒரு பெண் பந்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சித்தி அதையும் வேகமாகத் தாண்டினாள்.

சித்தப்பா முதலில் நின்றது மார்ட்டின் முங்காச்சி படத்தின் முன்னால். 1933 டிசம்பர் ஹார்ப்பர்ஸ் பஜாரில் வந்தது. கடற்கரையில் ஒரு பெண், நீச்சல் உடைக்கு மேல் ஒரு மேலங்கி பறக்க, ஓடி வருகிறாள். அவ்வளவுதான் படம். அதற்கு முன்னால் மாடல் என்றால் சிலை மாதிரி நிற்பதுதான் வழக்கம். முங்காச்சி ஹங்கேரிக்காரர், விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பழகியவர். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் குளிர் நாளில் அந்தப் பெண்ணை நிறுத்தி, இங்கிலீஷ் வராததால் கையைக் காலை ஆட்டி, ஓடு ஓடு என்று காட்டினாராம்.

"ஆடாம அசையாம நில்லுன்னு சொல்லியே என் ஆயுசு போச்சு" என்றார் சித்தப்பா. "கொயந்தைங்கள புடிச்சி நிறுத்தறதுக்கே தனியா ஒரு ஆளு வச்சிருந்தேன்."

அடுத்த சுவரில் ஹார்ஸ்ட். 1939, பாரிஸ். ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், முகம் குனிந்து கைக்குள் போய்விட்டது. இடுப்பில் இறுக்குக் கச்சு. மெய்ன்போஷே என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காகச் செய்தது. அதன் நாடாக்கள் பின்பக்கம் பாதி அவிழ்ந்து, அவள் உட்கார்ந்திருக்கும் கல் திண்டு மாதிரியான மேடைமேல் வழிந்து தொங்குகின்றன. ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து முதுகெலும்பின் பள்ளத்தில் நிழல் போட்டிருக்கிறது. போருக்கு முன் ஹார்ஸ்ட் பாரிஸில் எடுத்த கடைசிப் படம் இது. விடிவதற்குள் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பி, ரயில் பிடித்து, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

நான் அந்தப் படத்தைப் புத்தகங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சித்தப்பா முதல் தடவை பார்க்கிறார். கிட்டே போய், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி நின்று, நாடாவைப் பார்த்தார்.

"நம்ம கோட்டு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார். ஒரு ஸ்பாட் மேலே இடது பக்கம், எதிரே வெளிச்சம் திருப்ப ஏதோ ஒன்று, வெள்ளைத் தட்டியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். நாங்கள் எல்லாரும் ஒளித்து வைக்கிற பின்பக்கத்தை இந்த ஆள் படமாகவே எடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. அதையும் பத்திரிகைக்காரர்கள் சும்மா விடவில்லை. கச்சு உடம்பைவிட்டு விலகி நின்ற இடத்தை டச்சிங் செய்து ஒட்டவைத்துத்தான் அச்சடித்தார்களாம். இங்கே இருந்தது டச்சிங் செய்யாத படம். விலகிய இடைவெளியில் ஒரு விரல் போகும்.

இர்விங் பென் பகுதியில் இருந்தவை 1950 பாரிஸ் படங்கள். மேல்மாடியில் வடக்குப் பார்த்த வெளிச்சம், பின்னால் எங்கோ தேடிப் பிடித்த ஒரு பழைய நாடகத் திரை, முன்னால் மாடல் லிசா ஃபான்ஸக்ரீவ்ஸ். அதே வருஷம், அதே இடத்தில், அதே திரைக்கு முன்னால் கசாப்புக்காரர், பேக்கரிக்காரர், சர்வர் என்று தெருவில் வேலை செய்கிறவர்களையும், அவரவர் தொழில் சாமான்களோடும் வேலை உடுப்போடும் நிறுத்தி எடுத்திருக்கிறார். அதிலிருந்து இரண்டு படம் இங்கே இருந்தது. எனக்குக் கவுன் படங்களைவிட இவைதான் பிடித்தன. அந்த உடுப்புகளுக்குக் கிளிப் போட்டிருக்க மாட்டார்கள். முழங்காலில், முழங்கையில், ஆளுக்குத் தகுந்த மாதிரி துணியே மடிந்து பழகியிருக்கிறது. சித்தப்பாவுக்கு உடுப்பில் அக்கறையில்லை. "அழுக்குத் தெரயில எவ்ளோ ஆழம் பாரு" என்றார். அவருடைய ஸ்டூடியோப் படுதாவில் படிக்கட்டு, தெருவிளக்கு, ரோஜாச் செடி, பின்னால் ஏரி எல்லாம் இருந்தன. "நான் காசு குடுத்து ஏரி வரைஞ்சேன்."

சித்திக்குப் பிடித்தது இரண்டு யானைப் படங்கள். ஒன்று நார்மன் பார்க்கின்சன் 1956ல் ஜெய்ப்பூரில் எடுத்தது. அலங்கரித்த யானை, பக்கத்தில் அடர் ரோஸ் நிறத்தில் மொஹேர் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். இந்தியாவுக்கு ரோஸ் என்பது மற்றவர்களுக்கு நேவி ப்ளூ மாதிரி என்று ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் டயானா வ்ரீலண்ட் சொன்ன வாக்கியம் கீழே எழுதியிருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அந்த வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டுகினு எந்த மவராசி நிக்கிறா?" என்றாள் சித்தி.

இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த படம். ரிச்சர்ட் அவெடான், 1955 ஆகஸ்ட், பாரிஸில் குளிர்கால சர்க்கஸ் என்று பெயருள்ள அரங்கு. டொவிமா என்ற மாடல் கறுப்புக் கவுனில், ஒரு கை யானையின் தும்பிக்கைமேல், இன்னொரு கை பின்னால். இடுப்பிலிருந்து வெள்ளைப் பட்டுப் பட்டை தரை வரை இறங்குகிறது. டியோர் நிறுவனத்துக்காக அப்போது இளைஞராக இருந்த இவ் சான் லோரான் வரைந்த முதல் மாலை கவுன் அது. டொவிமா என்பது டொரத்தி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற அவளுடைய மூன்று பெயர்களிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்துச் சேர்த்தது. இதெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாணவி ஒருத்தியும் கூட நின்று கேட்டாள்.

சித்தி குனிந்து படத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல சங்கிலி."

நான் பார்த்தேன். ஆமாம், யானைகளின் காலில் சங்கிலி. தரை, காலடி, சங்கிலி, எல்லாமே பட்டவர்த்தனமாகப் படத்தில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது கவுனின் வெட்டை, பட்டையின் விழுதலை, டொவிமாவின் கழுத்தை. கோயில் வாசலில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கப் போகிற யாரும் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான். எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று சங்கிலிதானே சொல்லும்.

அவெடானுக்கே அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. அந்தப் பட்டை இடது பக்கமாகக் காற்றில் பறந்திருக்க வேண்டும், ஏன் அதைச் செய்யாமல் விட்டேன் என்று தெரியவில்லை, எனக்கு அது எப்போதும் தோற்ற படம்தான் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 2010ல் அதன் ஒரு பிரிண்ட் 8 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. சித்தப்பாவிடம் சொன்னேன். "ஒரு நூலு கட்டி இழுத்திருந்தா பறந்திருக்கும்" என்றார். தொழில்காரர் யோசனை.

கடைசி மூலையில் லிலியன் பாஸ்மன். கரி கொண்டு தீற்றின மாதிரி படங்கள், தொப்பி விளிம்பும் கழுத்தும் மட்டும் தெரிகின்றன. 1970 வாக்கில் இந்த வேலையே வெறுத்துப்போய்த் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டவர். எங்கோ கிடந்த ஒரு பை மட்டும் தப்பி, இருபது வருஷம் கழித்துக் கிடைத்தது. அதிலிருந்து புதிதாகப் பிரிண்ட் போட ஆரம்பித்தார், அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சுவரில் இருந்தவை அப்படி வந்தவை. இதை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

மதியத்துக்கு மேல் நான் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்டியின் கடைசி ராஜா விக்கிரமராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை இங்கே இருக்கிறது. அவரை வெள்ளைக்காரர்கள் 1815ல் பிடித்து, அடுத்த வருஷம் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து, 1832ல் அவர் சாகும்வரை இங்கேயே வைத்திருந்தார்கள். பதினாறு வருஷம். சதுரங்கம் தேய்ந்துதான் போயிருக்கும். கால் வலி, சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

நாள் 4, ஞாயிறு

ஆரணி சித்தியின் பிறந்த ஊர். கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இப்போது அது திருவண்ணாமலை மாவட்டம். சித்தி இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறாள். 1989ல் பிரித்ததை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவளுக்கு அண்ணன் முறையாகிற ஒரு பெரியவர் வீட்டில் குழித்தறி. நடுக்கூடம் முழுக்கத் தறிதான், மனிதர்கள் ஓரத்தில் குடியிருக்கிறார்கள். பெரியவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க, தலைக்கு மேல் ஜக்கார்டு அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரள, பார்டரில் அன்னம் விரற்கடை விரற்கடையாக எழும்பி வருகிறது. அவர் மனைவி வாசலில் ராட்டையில் ஊடை நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு விஷயம் கண்டேன். நெய்கிறவருக்குத் தெரிவது சேலையின் பின்பக்கம். ஜரிகை இழைகள் ஓடித் திரும்பும் பக்கம் மேலே, நல்ல பக்கம் கீழே. தரம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியைத் தறிக்கு அடியில் நீட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

நான் போட்டோ கண்காட்சி பார்க்க வந்தவள் என்று சித்தி சொன்னதும், "இங்கியும் எடுத்தாங்களே" என்றார். ஒரு கடைக்காரர்கள் விளம்பரத்துக்காக வந்திருக்கிறார்கள். லைட்டெல்லாம் கொண்டுவந்து, ஒரு பெண்ணுக்குச் சேலை கட்டி, நகை போட்டு, தறிக்குழியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவளுக்கு மிதி எட்டவில்லை. குழிக்குள் இவரே குனிந்து உட்கார்ந்து கையால் மிதியை அழுத்தியிருக்கிறார், நூல் பிரிந்து தெரிய வேண்டுமாம். அரை நாள் அப்படி.

"படத்த காட்டுனாங்களா?"

"செல்லுல பேரன் காட்டுனான். நல்லாத்தான் இருந்துது." கொஞ்சம் நிறுத்தி, "ஓரத்துல என் சுண்டுவெரலு தெரியுது" என்றார். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம்தான். அந்தப் பாவில் அன்று இரண்டு இழை அறுந்து, மறுநாள் முழுக்க முடிச்சுப் போட்டது தனிக் கதை.

மூன்று மணிக்குக் கொசப்பேட்டை திரும்பினால், மொட்டை மாடியில் சித்தப்பா. பரணிலிருந்து பழைய படுதாவை இறக்கி, தண்ணீர்த் தொட்டிக்கு வடக்குப் பக்கம், நிழலில், துணிக்கொடிக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டும் தெருவிளக்கும் ஏரியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எங்களைப் பார்த்தது துணியின் பின்பக்கம். எண்ணெய் ஊறி, ஈரம் பட்டு, சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். எலி கடித்த ஓட்டை இரண்டு. யாஷிகாவில் ரோல் போட்டாகிவிட்டது.

"கல்யாணச் சேலைய கட்டிகினு வா" என்றார் சித்தியிடம்.

அப்போதுதான் தெரிந்தது, 43 வருஷத்தில் சித்தியை அவர் ஸ்டூடியோவில் வைத்து ஒரு படம்கூட எடுத்ததில்லை. கல்யாண ஆல்பம் வேறொருவர் எடுத்தது. நேரமில்லை, ஃபிலிம் வீண், கஸ்டமர் காத்திருக்கிறார் என்று போய்விட்டிருக்கிறது. சித்தி பத்து நிமிஷம் திட்டினாள். பிறகு பீரோவைத் திறந்தாள்.

அரக்கு உடம்பு, பச்சை பார்டர், ஆரணிப் பட்டு. மடித்தே வைத்திருந்ததால் மடிப்புக் கோட்டில் பட்டு இற்றுப்போயிருந்தது. பிரித்தபோது ஒரு இடத்தில் சர்ரென்று ஒரு சாண் கிழிந்தது. சித்தியின் முகம் வாடிவிட்டது. நான் கைப்பையைத் திறந்தேன். கிழிந்த இடத்தை முதுகுப் பக்கம் வருகிற மாதிரி கொசுவத்தை மாற்றிக் கட்டி, இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து, ஐந்து கிளிப். ரவிக்கை இந்தக் காலத்தது, தோளில் தொளதொளவென்று இருந்ததற்கு இன்னும் இரண்டு. முன்னால் வந்து பார்த்தேன். குற்றம் சொல்ல முடியாது.

சித்தப்பா கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, குனிந்து பார்த்தார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துப் பல வருஷமாகிறது. வானத்தை ஒரு தடவை, சித்தியின் கன்னத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நூத்திருவத்தஞ்சு, அஞ்சு புள்ளி ஆறு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திருகினார். முதல் படம் நேராக நின்று. இரண்டாவது கையைக் கட்டி. மூன்றாவதற்குப் பக்கத்து மாடிப் பையன் எட்டிப் பார்த்ததால் சித்தி சிரித்துவிட்டாள், அதற்குள் கிளிக் சத்தம் கேட்டுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஏழாவதற்கு, "திரும்பு" என்றார்.

"பின்னாடி கிளிப்பு இருக்குதுங்க."

"தெரியும். திரும்பு."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டி நின்றாள். கொண்டைக்குக் கீழே கழுத்து, ரவிக்கையில் இரண்டு கறுப்புக் கிளிப், இடுப்பில் ஐந்து. சித்தப்பா வெகுநேரம் குனிந்தே இருந்தார். நான்கூட அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தச் சின்ன கிளிக்.

காட்பாடியில் இரவு ரயில். நான் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும்போது, மிச்சம் இருக்கும் 5 படத்தை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ரோல் முடியாமல் கழற்றக் கூடாது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கழுவ மருந்து சென்னையிலிருந்து வர வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும், அவசரமில்லை.

"நாளிக்கி காலைல நைட்டில நின்னா எடுப்பீங்களா?" என்று கேட்டாள் சித்தி.